வியாழக்கிழமைப் புகை

டேராடூன்
2 ஜூலை 2024

அன்புள்ள இஷ்ரத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சொன்னபடி எழுதுகிறேன். பக்ரீத் அன்று, "இனிமே போன்ல பேசாதீங்க மச்சான், பேசினா கத்துதீங்க. சொல்லணும்னா எழுதுங்க. எழுதும்போதாவது யோசிப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். இரண்டு வாரம் வீம்பாக இருந்து பார்த்தேன். முடியவில்லை.

நல்ல செய்தி ஒன்று உண்டு. ராதாபுரம் பக்கம் புதிதாகக் கடலோரக் காற்றாய்வு மையம் ஒன்று வருகிறது. நிரந்தர விஞ்ஞானி வேலை, ஒரே ஒரு இடம். காற்றில் மிதக்கும் தூசியும் புகையும் கடல் உப்பும் வெளிச்சத்தை எப்படிச் சிதறடிக்கின்றன என்று தெரிந்த ஆள் வேண்டுமாம். பத்து வருடமாக நான் வேறென்ன செய்தேன்? ஒரு வருடத் திட்டம், ஆறு மாத நீட்டிப்பு, மறுபடி ஒரு வருடம் என்று ஊர் ஊராக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். விண்ணப்பம் போட்டுவிட்டேன்.

வயது வரம்பு நாற்பது. எனக்கு டிசம்பரில் நாற்பது முடிகிறது. இதை விட்டால் நிரந்தரம் என்ற சொல்லுக்கே என் வாழ்க்கையில் இடமில்லை. கிடைத்தால் மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ராத்திரி நம் வீட்டில் சாப்பிடுவேன். இதை எழுதும்போதே பயமாக இருக்கிறது.

வாப்பாவின் மொட்டைமாடி அறையில் வைத்த கருவி ஓடட்டும். என் கட்டுரை அதை நம்பித்தான் இருக்கிறது. உம்மாவுக்கு ஸலாம் சொல்.

ரசீத்

*

மேலப்பாளையம்
14 ஜூலை 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். ஒரே ஒரு இடம் என்று எழுதியிருக்கிறீர்கள். போன தடவை இரண்டு இடம் இருந்தது, அதற்கு முந்தி நாலு. ஒவ்வொரு தடவையும் நான் வாசல் மேட்டைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தேன். இந்தத் தடவை கழுவுவதாக இல்லை.

கருவி ஓடுகிறது. மாதம் ஒரு தடவை குழாயைத் துடைக்கிறேன், மெமரி கார்டை மாற்றுகிறேன், மின்சாரம் போனால் பேட்டரியைப் பார்க்கிறேன். மூன்று வருடமாக அதற்குப் பணிவிடை செய்கிறேன், அது என்னதான் சொல்கிறது என்று ஒருநாளும் நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. எம்.எஸ்சி. பௌதிகத்தில் உங்களைவிடப் பதினோரு மார்க் அதிகம் வாங்கியவள் நான் என்பதாவது நினைவிருக்கிறதா? யாராவது ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்று வந்தபோது, நீங்கள் படியுங்கள் என்று சொன்னேன். அதற்காக இன்றைக்கு வருத்தப்படவில்லை. ஆனால் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும்போது ஒளியியல் பாடம் வந்தால் நேரம் முடிந்ததுகூடத் தெரியாமல் நடத்திக்கொண்டே இருக்கிறேன்.

நமக்குப் பிள்ளை இல்லை என்று தெருவே என் முகத்தைப் பார்க்கிறது. புருஷன் வருடத்துக்குப் பதினைந்து நாள் வந்து போனால் எங்கிருந்து வரும் என்று ஒருத்திக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு முப்பத்தெட்டு ஆகிறது மச்சான். வேலை கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, நீங்கள் வரவேண்டும்.

மாமிக்கு இருமல் விடவில்லை. "ஏளா, ரசீது எப்ப வாறானாம்?" என்று தினம் கேட்கிறார்கள். கட்டுரையை அனுப்புங்கள். நானும் படிக்கிறேன்.

இஷ்ரத்

*

டேராடூன்
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள இஷ்ரத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேர்காணலுக்கு அழைத்துவிட்டார்கள்! ஆகஸ்ட் இருபத்தேழு, சென்னையில். கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினோரு மார்க்கும் நினைவிருக்கிறது. உன் நோட்டைப் பார்த்து எழுதித்தான் நான் பாஸானேன் என்பதும் நினைவிருக்கிறது.

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவி காற்றை உறிஞ்சி, அதன் மேல் ஒளி பாய்ச்சி, எவ்வளவு ஒளி சிதறுகிறது என்று அளக்கிறது. மூன்று வருட அளவையும் கிழமை வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். ஆறு நாளும் ஒரே மாதிரி, வியாழக்கிழமை மட்டும் சிதறல் கூடுகிறது. மழைக்காலம், கோடை எல்லாவற்றிலும். வெள்ளிக்கிழமை கடை அடைப்பதால் முதல் நாள் நம் கடைத்தெருவில் நெரிசல் அதிகம், வண்டிப் புகை அதிகம் என்று விளக்கம் எழுதினேன். ஒரு சிறிய ஊரின் வாழ்க்கை முறை அதன் காற்றில் இவ்வளவு தெளிவாகத் தெரிவது அபூர்வம் என்று கட்டுரையைப் பரிசீலித்தவர் எழுதியிருந்தார். தேர்வுக்குழுத் தலைவர் டாக்டர் பிரிஸில்லா, அவர் நாசரேத்துக்காரர். கட்டுரையைப் படித்துவிட்டாராம்.

இஷ்ரத், இந்தத் தடவை நடக்கும் என்று தோன்றுகிறது. வாசலைக் கழுவ வேண்டாம். துஆ மட்டும் செய்.

ரசீத்

*

மேலப்பாளையம்
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தடவை பாதியில் நிறுத்திவிட்டு, மாடிக்குப் போய் உங்கள் கருவியைப் பார்த்துவிட்டு வந்தேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, நேராகவே எழுதிவிடுகிறேன்.

மாமா மௌத்தாகி அடக்கம் ஆனதிலிருந்து மாமி வியாழன்தோறும் பொழுது சாய்ந்ததும் மஃரிபு தொழுதுவிட்டு, சிரட்டைக் கங்கு அள்ளிய சட்டியோடு மாடிக்கு ஏறுவார்கள். மாமாவின் அறை வாசலில் உட்கார்ந்து சாம்பிராணி போடுவார்கள். மாமாவுக்காக யாசீன் ஓதுவார்கள். ஓதி முடியும்வரை புகை போய்க்கொண்டே இருக்கும். உங்கள் கருவி உறிஞ்சும் குழாய் அந்த வாசலுக்கு மேலேதான் இருக்கிறது.

உங்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்தேன். அடக்கத்துக்கு வந்தீர்கள், நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்தீர்கள். கருவி வைக்க வந்தபோது திங்கள், செவ்வாய் இருந்துவிட்டுப் போனீர்கள். பெருநாளுக்கு வந்தால் வியாழன் மஃரிபுக்குப் பள்ளிவாசலுக்குப் போய் இரவு இஷா முடிந்துதான் திரும்புவீர்கள். ஆம்பிளைகள் வீட்டுக்கு வரும்போது புகை அடங்கிவிடும், வாசம் மட்டும் இருக்கும். வாசம் வந்ததே, எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நம் தெருவில் எல்லா வீட்டிலும் சாம்பிராணி போடுகிறார்கள், அதனால் இது ஊர்ப் புகைதான் என்று சொல்வீர்கள். நானும் அப்படி நினைத்துத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். சந்தேகம் தீர, போன வியாழன் மாமியைக் கீழே தலைவாசலில் உட்கார்ந்து ஓதச் சொன்னேன். காரணம் கேட்கவில்லை, முகம் வாடிப்போனது. கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கு ஏற்றமே இல்லை மச்சான். மற்ற நாளைப் போலவே கிடந்தது.

உங்கள் கட்டுரையில் இருப்பது கடைத்தெரு இல்லை. உங்கள் உம்மா.

நேர்காணலுக்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு யாராவது கண்டுபிடித்தால் அசிங்கம்.

இஷ்ரத்

*

டேராடூன்
29 ஆகஸ்ட் 2024

அன்புள்ள இஷ்ரத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் நேர்காணலுக்கு நாலு நாள் முன்னாலேயே வந்துவிட்டது. படித்தவுடன் உன் மேல் கோபம். பிறகு பழைய அளவுகளை மணிக்கணக்காகப் பிரித்துப் பார்த்தேன். நான் முன்பு நாள் சராசரிதான் எடுத்திருந்தேன். வியாழன் மாலை ஊசிபோல ஏறி, இரவுத் தொழுகைக்குள் இறங்குகிறது. வண்டிப் புகை அப்படி இருக்காது. முதலாம் ஆண்டு மாணவன்கூடப் பார்த்திருப்பான். பத்து வருடம் புகையைப் படித்தவன் சொந்த வீட்டுப் புகையைக் கண்டுபிடிக்கவில்லை.

சென்னைக்குப் போனேன். சொல்லவில்லை.

சொல்ல வாய் திறந்தேன், அல்லாஹ் அறிவான். எதிரே ஐந்து பேர். டாக்டர் பிரிஸில்லா புன்னகையோடு, உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். கடைத்தெரு நெரிசல் என்று ஆரம்பித்தேன், அப்படியே போய்விட்டேன். நன்றாகப் பேசியதாக எல்லோரும் சொன்னார்கள்.

பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. ஆனால் நியமன உத்தரவுக்கு முன் ஒரு நிபந்தனை. நம் வீட்டுக் கருவியையே புதிய மையத்தின் முதல் நிலையமாக எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். அதனால் செப்டம்பர், அக்டோபர் அளவுகளை அவர்களே பார்க்க வேண்டுமாம். நான் தொட்டேன் என்று பேச்சு வரக்கூடாது. அக்டோபர் கடைசியில் கார்டை நீயே நேராக அவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடு. முகவரி பின்பக்கம்.

நான் பொய் செய்யச் சொல்லவில்லை. உம்மா எப்போதும்போல மாடியிலேயே ஓதட்டும். கீழே மாற்ற வேண்டாம். அவ்வளவுதான் கேட்கிறேன். வேலையில் சேர்ந்த பிறகு நானே ஒரு திருத்தம் எழுதிவிடுவேன்.

ரசீத்

*

மேலப்பாளையம்
8 செப்டம்பர் 2024

மச்சானுக்கு,

மாமியைப் பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்று நாள் வைத்திருந்து, நேற்று வீட்டுக்குக் கூட்டி வந்தோம். உங்கள் அக்கா ஷம்ஸியா மதினி போனில் சொன்னார்களாம். இப்போது லீவு கேட்டால் பெயர் கெட்டுவிடும் என்று சொன்னீர்களாம். உங்கள் பெயர் அவ்வளவு உசத்தி.

மூச்சுக்குழாய் சுருங்கிப்போயிருக்கிறது. டாக்டர் செந்தில்முருகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் புகை உண்டா என்று கேட்டார். சாம்பிராணி என்றேன். "இனி அந்தப் பக்கமே அவங்க போகக் கூடாதும்மா. படியும் ஏறக் கூடாது" என்று கையைப் பிடிக்காத குறையாகச் சொன்னார்.

உங்கள் கடிதம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில்தான் வந்தது. மாமியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். உம்மா மாடியிலேயே ஓதட்டும், அவ்வளவுதான் கேட்கிறேன் என்று எழுதியிருந்த இடத்துக்கு வந்தபோது அவர்கள் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விஷயத்தை மாமியிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மகனுக்கு வேலை என்றால் தவழ்ந்தாவது ஏறிவிடுவார்கள். அதனால் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

மாமி இனி மாடி ஏற மாட்டார்கள். உங்கள் வியாழக்கிழமை முடிந்தது. உங்கள் அறிவியலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் கல்யாணம் செய்துகொண்டது சொந்த நோட்டில் தவறு இருந்தால் அடித்துவிட்டு மறுபடி எழுதுகிற ஆளை. அந்த ஆள் எங்கே போனார்?

இஷ்ரத்

*

மேலப்பாளையம்
30 அக்டோபர் 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒன்றரை மாதமாகிவிட்டது, உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் எழுதியது அதிகம்தான். மதினியிடம் கேட்டால், "இருக்கான், சாப்பிடுதான், வேற ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான்" என்கிறார்கள். தபால்காரர் தெருவில் திரும்பும்போதெல்லாம் வாசலுக்கு வந்து நிற்கிறேன். என்னை வெறுத்துவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன்.

மாமி கட்டிலோடு இருக்கிறார்கள். வீடு வந்த பிறகு முதல் வியாழன் வந்தது. மஃரிபு பாங்கு சொன்னதும் எழுந்து உட்கார்ந்துகொண்டார்கள். "ஏளா, நான்தான் ஏற முடியல. மாமாவுக்கு நீ போய் ஓதிட்டு வா. பைய ஏறு, படி வழுக்கும்" என்றார்கள். மறுக்க முடியவில்லை. அவர்கள் அறைக் கதவைச் சாத்தி, கீழே துணியும் வைத்து அடைத்துவிட்டு மேலே போனேன்.

மாமிக்காகப் போட்டேன் என்று எழுதினால் அது பாதிதான் உண்மை. கங்கு இல்லாமலே ஓதியிருக்கலாம், மாமிக்குத் தெரிந்திருக்காது. அந்த வாசலில் உட்கார்ந்தபோது குழாயை நிமிர்ந்து பார்த்தேன். இவர் வரவேண்டும், எப்படியாவது வரவேண்டும் என்றுதான் மனதில் ஓடியது. சாம்பிராணியை அதிகமாகவே அள்ளிப் போட்டேன். அடுத்த வியாழனும் போட்டேன். ஒன்றைக்கூட விடவில்லை.

நீங்கள் கேட்டது நடந்துவிட்டது. கார்டை நேற்று நீங்கள் சொன்ன முகவரிக்கே அனுப்பிவிட்டேன். உங்களுக்கு அவ்வளவு புத்தி சொல்லிவிட்டு நானே செய்தேன், என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு உண்மையோடு தனியாக இருந்து இருந்து அலுத்துவிட்டது மச்சான். உத்தரவை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பெரிய பெரிய திருத்தமெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

உங்கள்
இஷ்ரத்

*

டேராடூன்
12 நவம்பர் 2024

அன்புள்ள இஷ்ரத்துக்கு,

வஅலைக்கும் ஸலாம். இந்தக் கடிதத்தை நான் செப்டம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும்.

உன் செப்டம்பர் கடிதம் வந்த மறுநாள் டாக்டர் பிரிஸில்லாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பாவின் அறை, உம்மா, யாசீன், நேர்காணலில் நான் விழுங்கியது, எல்லாம். அவர், உம்மா எந்த நாளிலிருந்து மாடி ஏறவில்லை என்று கேட்டார். உன் கடிதத்தைப் பார்த்துச் சொன்னேன். "சரி தம்பி. அந்த நாளுக்கு அப்புறம் ஏத்தம் இல்லேன்னா நீங்க சொல்றது நிரூபணம் ஆயிரும். தப்பைத் தானே கண்டுபிடிச்ச ஆளு எனக்கு வேணும். கார்டு வரட்டும், நான் குழுவுல பேசுதேன்" என்றார்.

அன்றைக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டேன். உனக்கு ஏன் எழுதவில்லை என்று கேட்பாய். ஒவ்வொரு தடவையும் உனக்கு ஆசை காட்டி ஏமாற்றியிருக்கிறேன். இந்தத் தடவை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு எழுத வேண்டும் என்று நினைத்தேன். நீ கேட்டாயே, அந்த ஆள் எங்கே போனார் என்று. இதோ இருக்கிறார் என்று காட்ட ஆசைப்பட்டேன். அந்த ஆசைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

கார்டு போய்ச் சேர்ந்தது. என்னைச் சென்னைக்கு வரச்சொல்லி எல்லோர் முன்னாலும் போட்டுக் காட்டினார்கள். உம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் ஒரு வியாழன்கூட விடாமல் ஏற்றம் இருந்தது, முன்னைவிட உயரமாக. உம்மா கட்டிலில் இருந்தால் இது எப்படி வந்தது என்று ஒருவர் கேட்டார். ஊரில் இல்லாத புகையை இவரே உண்டாக்குகிறாரா என்றார் இன்னொருவர். எனக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்று இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு இங்கே திரும்பினேன். உன் கடிதம் கதவடியில் கிடந்தது.

படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். கோபம் வரவில்லை. நீ அந்த வாசலில் தனியாக உட்கார்ந்திருப்பது மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

டாக்டர் பிரிஸில்லாவைக் கூப்பிட்டேன். வீட்டில் யார் புகை போட்டது என்று கேட்டார். நான்தான் போடச் சொன்னேன் என்றேன். உங்கள் மனைவி தானாகச் செய்ததா என்று இன்னொரு தடவை கேட்டார். என்னைக் காப்பாற்ற ஒரு வழி விட்டுக் கேட்கிறார் என்று தெரிந்தது. இல்லை மேடம், ஆகஸ்ட் கடைசியில் நானே கடிதத்தில் எழுதிக் கேட்டேன் என்று சொன்னேன். அது பொய் இல்லையே இஷ்ரத். உன் பெயரை அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. இதில் உன் தவறு ஒன்றுமில்லை என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். ஆனால் நான் கேட்காமல் நீ அதைச் செய்திருக்க மாட்டாய். அது எனக்குத் தெரியும்.

வேலை இரண்டாவது பெயருக்குப் போய்விட்டது. கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டேன். அளவுகளில் கைவைக்கச் சொன்னவன் என்று இங்கேயும் தெரிந்துவிட்டது, இந்த மாதத்தோடு நீட்டிப்பு கிடையாது. வேறு எந்த ஆய்வுக்கூடமும் இனி எடுக்காது. கருவியை எடுத்துப்போக ஆள் வருவார்கள், கொடுத்துவிடு.

அடுத்த வாரம் புறப்படுகிறேன். நீ கேட்டது அதுதானே, வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வரவேண்டும் என்று. இப்படி வருவேன் என்று இரண்டு பேருமே நினைக்கவில்லை. உம்மாவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், லீவில் வருகிறான் என்று சொல். எத்தனை நாள் லீவு என்று கேட்பார்கள். அதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ரசீத்